நாய்களுக்கு மயக்க மருந்து: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரபேங்க், டொங்காட் பகுதிகளில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை, கால்நடை மருத்துவமனைச் செவிலியராக நான் அன்றாடம் சந்திக்கிறேன். கருத்தடை, பல் சிகிச்சை, எக்ஸ்ரே என்று எதற்காக வந்தாலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நேரத்தில் அவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வரவேற்பு மேசையருகில் அவசரமாகச் சொல்லும் பதில் மனத்தில் நிற்பதில்லை என்பதால், வீட்டில் அமர்ந்து நிதானமாகப் படிப்பதற்காக அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் நான் குறிப்பிடவில்லை. அது உங்கள் நாயை நேரில் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

“மயக்க ஊசி என்று ஒன்றைத்தானே போடுகிறார்கள்? சில சமயம் ‘லேசாகத் தூங்க வைக்கிறோம்’ என்கிறார்கள், சில சமயம் ‘முழு மயக்கம்’ என்கிறார்கள். என்ன வித்தியாசம்?”

லேசான மயக்கத்தில் நாய் சோர்ந்து படுத்துவிடும். ஆனால் உரக்கக் கூப்பிட்டாலோ வலித்தாலோ தலையைத் தூக்கும், விழுங்கும், இருமும். மெடிடோமிடின், டெக்ஸ்மெடிடோமிடின், ஏசிபுரோமசின் ஆகியவற்றில் ஒன்றை, பியூட்டார்பனால் போன்ற வலி மருந்தோடு சேர்த்து இதற்குக் கொடுப்பார்கள். முழு மயக்கத்தில் நாய்க்கு உணர்வும் இல்லை, விழுங்கும் அனிச்சைச் செயலும் இல்லை. அது ஒரே ஊசியில் வருவதும் இல்லை. முதலில் பயத்தையும் வலியையும் தணிக்கும் ஊசி. அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம். பிறகு முன்னங்காலில் மயிரை மழித்து ரத்தக் குழாயில் ஊசிக்குழாய் பொருத்தி, அதன் வழியாகப் புரோபோபால் அல்லது அல்பாக்சலோன் செலுத்துவார்கள். ஒரு நிமிடத்துக்குள் நாய் மயங்கியதும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, ஆக்சிஜனோடு ஐசோபுளூரேன் அல்லது செவோபுளூரேன் வாயுவைக் கொடுத்துத் தேவையான நேரம்வரை அந்த நிலையிலேயே வைத்திருப்பார்கள். வாயுவை நிறுத்தினால், மூச்சோடு அது வெளியேற வெளியேற நாய் விழித்துக்கொள்ளும்.

லேசான மயக்கம் என்றாலே ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. முழு மயக்கத்தில் மூச்சுப்பாதை குழாயால் காக்கப்படுகிறது, ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்கிறது, மருந்தின் ஆழத்தை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. லேசான மயக்கத்தில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, நோயுற்ற நாயைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டு அரைமயக்கத்தில் வைத்திருப்பதைவிட, முறையாக முழு மயக்கம் கொடுப்பதே நல்லது என்று மருத்துவர் சில வேளைகளில் சொல்வார். அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம்.

“ஒரு எக்ஸ்ரேவுக்கு எதற்கு மயக்கம்? நாங்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறோமே?”

பிடித்துக்கொள்பவர் மேல் கதிர்வீச்சு படுகிறது என்பது முதல் காரணம். அதைவிட, பிடித்து எடுக்கும் படம் பல நேரங்களில் பயன்படுவதில்லை. அல்சேஷன் நாயின் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டுமானால் அதை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால்களை உள்நோக்கித் திருப்ப வேண்டும். விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கிக்கொள்ளும். மூட்டின் தளர்ச்சி படத்தில் மறைந்துவிடும். மூட்டு ஏற்கெனவே வலிக்கிற நாய்க்கு அந்த நிலையே சித்திரவதை.

தோட்டத்தில் முள்ளம்பன்றியோடு மோதி முகமெல்லாம் முள்ளாக வரும் நாய்க்கும், காதுக்குள் புல்விதை போய்த் தலையை உதறிக்கொண்டே இருக்கும் நாய்க்கும் இதுவே பொருந்தும். வெளியே தெரியும் முட்களைப் பிடுங்கிவிடலாம். வாய்க்குள்ளும் தொண்டையிலும் ஒடிந்து கிடப்பதை மயக்கமில்லாமல் தேட முடியாது. வெறும் நகம் வெட்டுவதற்கு அநேகமாக மயக்கம் தேவையில்லை. சிறிது சிறிதாகப் பழக்கினால் போதும்.

“எங்கள் நாய் எழுந்திருக்காமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.”

ஆபத்து உண்டு, அது சிறியது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஏறத்தாழ 98,000 நாய்களைக் கணக்கிட்ட பெரிய ஆய்வில், மயக்கத்தாலோ அரைமயக்கத்தாலோ 48 மணி நேரத்துக்குள் இறந்தவை 0.17 சதவீதம், அதாவது சுமார் 600-க்கு ஒன்று. ஆரோக்கியமான நாய்களை மட்டும் தனியே பார்த்தால் அது 0.05 சதவீதமாகக் குறைந்தது, நோயுற்ற நாய்களில் 1.33 சதவீதமாக உயர்ந்தது. எந்த ஊசி போடுகிறார்கள் என்பதைவிட, எந்த நிலையில் இருக்கும் நாய்க்குப் போடுகிறார்கள் என்பதே அதிகம் முடிவு செய்கிறது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதி, அறுவை மேசையில் அல்லாமல் சிகிச்சை முடிந்த பிறகே இறந்திருந்தன. ஆபரேஷன் முடிந்தது, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் கண்ணை எடுக்கும் நேரம் அது. ஆகையால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன், “முதல் ஊசியிலிருந்து நாய் எழுந்து உட்காரும்வரை யார் அருகில் இருந்து பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வரும் இடத்தில் உங்கள் நாயை ஒப்படைக்கலாம்.

“முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்து என்கிறார் ஒருவர்; காலையில் கொடுக்காமல் இருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?”

வயிற்றில் உணவிருக்கும்போது நாய் மயங்கினால், அது மேலேறி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். விழுங்கும் உணர்வு இல்லாத நேரத்தில் நுரையீரலுக்குள் இறங்கும் உணவும் அமிலமும் உயிருக்கே ஆபத்தான நிமோனியாவை உண்டாக்கும். இதற்காகத்தான் பட்டினி. முன்பு எல்லா நாய்களுக்கும் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். அளவுக்கு மீறிய பட்டினியில் வயிற்றில் அமிலம் சேர்ந்து, அதுவே மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவதைக் கண்ட பிறகு, ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும் என்று 2020-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தண்ணீரைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

சில மருத்துவர்கள் இன்னும் இரவிலிருந்தே நிறுத்தச் சொல்வதற்கு, மறுநாள் எந்த நாய்க்கு முதலில் சிகிச்சை என்பது முன்கூட்டித் தெரியாததும் ஒரு காரணம். உங்கள் மருத்துவர் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள். ஆனால் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியையோ இரண்டு கிலோவுக்குக் குறைந்த நாயையோ இரவு முழுதும் பட்டினி போடச் சொன்னால், தயங்காமல் மறுபடி கேளுங்கள். அவற்றின் உடலில் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இன்சுலின் போடும் நாய்க்கும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நாய்க்கும் அன்று காலை எவ்வளவு கொடுப்பது என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடரவோ கூடாது.

“பாட்டி பாவப்பட்டு ஒரு துண்டு ரொட்டி கொடுத்துவிட்டார். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?”

தயவுசெய்து சொல்லுங்கள். பாட்டியை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவசரமில்லாத சிகிச்சையைச் சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிவைக்கலாம். காரில் அடிபட்டது போன்ற அவசரமானால், வயிற்றில் உணவு இருக்கிறது என்று தெரிந்தே அதற்கேற்ப விரைவாகக் குழாயை இறக்கி, உறிஞ்சும் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஆபத்து உணவில் பாதி, அது தெரியாமல் இருப்பதில் பாதி.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. முற்றத்தில் விடப்பட்ட நாய், குரங்குகள் கடித்துப் போட்ட பழத்தையோ இறைச்சி சுடும் பிராய் அடுப்பருகே கிடந்த எலும்பையோ விடியற்காலையில் தின்றிருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே முந்தின இரவு நாயை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

“நாய் துள்ளிக் குதித்துக்கொண்டுதானே இருக்கிறது? ரத்தப் பரிசோதனை எல்லாம் பணம் வாங்குவதற்குத்தானே?”

சிறுவயது, நல்ல ஆரோக்கியம், குறுகிய சிகிச்சை என்றால், மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து இதயத்தையும் நுரையீரலையும் கேட்டறிவதே பெரும்பகுதி விவரத்தைத் தந்துவிடும் என்பது உண்மை. பெரிய பரிசோதனைப் பட்டியல் எல்லா நாய்க்கும் தேவையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் குவாசூலு-நட்டால் மாகாணம் போன்ற உண்ணி மிகுந்த இடத்தில், சிவப்பணுக்களின் அளவையும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் பார்க்கும் எளிய சோதனையையாவது தவிர்க்க வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. வயதான நாய்க்குச் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது மருந்தைத் தேர்ந்தெடுக்கவே தேவை.

“போன மாதம் பிலியரி வந்து குணமாகிவிட்டது. இப்போது கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா?”

நாய் விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிலியரி என்னும் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் முக்கியக் கிருமி, உண்ணி கடிப்பதால் பரவும் பபேசியா ரோசி. அது ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. மருந்து கிருமியை அடக்கிய பிறகும், அழிந்த சிவப்பணுக்களை உடல் மீண்டும் உண்டாக்கி முடிக்க வாரக் கணக்கில் ஆகும். ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 முதல் 55 சதவீதம்வரை இருக்கும். அது மிகவும் குறைந்திருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைக்க முடியாததென்றால் ரத்தம் ஏற்றிவிட்டுச் செய்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மயக்கத்தின்போது நாக்கில் பொருத்தும் கருவி, இருக்கிற சிவப்பணுக்கள் எவ்வளவு நிறைவாக ஆக்சிஜனைச் சுமக்கின்றன என்பதைத்தான் காட்டும். சிவப்பணுக்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்பதைக் காட்டாது. சோகை பிடித்த நாய்க்கும் திரையில் 98 என்று தெரியும், ஆனால் உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். ஆகவே திரையை நம்பி இருக்க முடியாது, முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பிலியரியிலும், உண்ணியால் வரும் எர்லிக்கியா நோயிலும் தட்டணுக்களும் குறைவதால், அறுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் போகும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. எப்போது நோய் வந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்ற சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். சில நாட்களாகச் சோர்வு, வெளுத்த ஈறு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், ஆபரேஷன் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

“பதின்மூன்று வயது ஆகிவிட்டது. இந்த வயதில் மயக்கம் தாங்குமா?”

வயதை மட்டும் காரணம் காட்டி, வலிக்கும் பல்லோடும் வளரும் கட்டியோடும் ஒரு நாயை விட்டுவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத செயல். வயதோடு வரும் இதயக் கோளாறும் சிறுநீரகத் தளர்ச்சியும்தான் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றை முன்னதாகக் கண்டுபிடித்தால் மருந்தின் வகையையும் அளவையும் மாற்றலாம், டிரிப் ஏற்றி ரத்த அழுத்தத்தைக் காக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம். முதிய நாய்கள் விரைவில் குளிர்ந்தும்போகும். டர்பன் வெயிலில் குளிரா என்று கேட்கிறார்கள். மயிர் மழித்து, நனைத்து, குளிரூட்டிய அறையில் படுத்திருக்கும் நாயின் உடல் வெப்பம் மளமளவென்று இறங்கும், எழுவதும் தாமதமாகும்.

“எங்களுடையது பக். எப்போதும் குறட்டை விடும். அதற்கு மட்டும் ஏன் தனியாக எச்சரிக்கிறார்கள்?”

பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை முக நாய்களுக்கு மூக்குத் துளைகள் குறுகலாகவும் மேல்அண்ணம் நீளமாகவும் இருக்கும். விழித்திருக்கும்போது தசைகளின் பலத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைத்திருக்கும் அந்த நாய், லேசான மயக்கத்திலேயே அந்தப் பலத்தை இழந்துவிடும். முதல் கேள்வியில் அரைமயக்கம் பற்றிச் சொன்ன கவலை இவற்றுக்குத்தான் மிக அதிகம். முதல் ஊசி போட்ட நொடியிலிருந்தே ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நாய் நன்றாக விழித்து, குழாயை இனிப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று தலையை உதறும்வரை அதை எடுக்கக் கூடாது. உண்டது மேலேறி வருவதும் இவற்றில் அதிகம் என்பதால், பட்டினி நேரம் மற்ற நாய்களுக்குச் சொன்னதிலிருந்து மாறக்கூடும்.

ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில், அவசரமில்லாத சிகிச்சையை விடியற்காலைக்கு வையுங்கள். முடிந்தால் குளிர்ந்த மாதங்களுக்குத் தள்ளுங்கள். உடல் எடை கூடியிருந்தால் அதற்குமுன் குறையுங்கள். மாலையில் சீக்கிரம் அழைத்துப் போகிறோம் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

“கோலி நாய்க்கு மயக்க மருந்தே ஆகாது என்கிறார்களே?”

ஆகாது என்பதில்லை, குறைவாகக் கொடுக்க வேண்டும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு இனங்களில் பல நாய்களுக்கு, மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் மரபணுவில் குறை உண்டு. ஏசிபுரோமசினும் பியூட்டார்பனாலும் அவற்றுக்கு ஆழமாகவும் நீண்ட நேரமும் வேலை செய்யும். கிரேஹவுண்டு போன்ற மெலிந்த ஓட்ட நாய்கள், உடலில் கொழுப்பு குறைவு என்பதாலும் சில மருந்துகளை ஈரல் மெதுவாகவே முறிக்கிறது என்பதாலும், எழுவதற்கு அதிக நேரம் எடுக்கும். கலப்பு நாயாக இருந்தாலும், தாய் தந்தையில் ஒன்று இந்த இனம் என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.

“மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். அது நல்லதுதானே?”

நல்லதல்ல. கண்ணுக்குத் தெரியும் காறையைச் சுரண்டினால் பல் வெண்மையாகத் தெரியும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய்க்கு அங்கே கருவியை விட முடியாது, பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது, ஆடும் பல்லைப் பிடுங்கவும் முடியாது. தெறிக்கும் நீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கும் குழாயும் அங்கே இல்லை. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி இந்த முறையை வெளிப்படையாக எதிர்க்கிறது. வெளிப்புறம் பளிச்சென்று இருப்பதால், உள்ளே அழுகும் பல் இன்னும் ஓராண்டு கவனிக்கப்படாமல் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது.

“தீபாவளிப் பட்டாசுக்கு நடுங்குமே என்று போன வருடம் வாங்கிய மாத்திரை மீதி இருக்கிறது. காரில் ஏற்றுவதற்கு முன் ஒன்று கொடுத்துக் கூட்டி வரலாமா?”

நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அது ஏசிபுரோமசினாக இருந்தால், ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். பல மணி நேரம் உடலில் தங்கும். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. அதன்மேல் மருத்துவமனையில் இன்னொரு ஊசியும் சேர்ந்தால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். பயந்து கடிக்க வரும் நாய்க்கு, வீட்டிலேயே கொடுத்துக் கூட்டி வரும்படி மருத்துவரே டிரசோடோன் அல்லது காபாபென்டின் எழுதித் தருவது இப்போது வழக்கம். அதை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்துவிட்டால், ரொட்டித் துண்டைப் பற்றிச் சொன்னதே இதற்கும்: வந்தவுடன் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கூடுதலாக. ஏசிபுரோமசின் நாயின் உடலை அசையாமல் செய்யும், பயத்தை நீக்காது. வெடிச்சத்தத்துக்கு அதை மட்டும் கொடுத்தால், நாய் அசைய முடியாமல் அஞ்சிக்கொண்டே கிடக்கும். அடுத்த தீபாவளிக்கு வேறு மருந்தைக் கேளுங்கள்.

“ஆபரேஷன் நடுவில் லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் நாய் விழித்துக்கொள்ளுமா?”

விழித்துக்கொள்ளாது. சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனே மயக்க வாயுவைச் சுமந்து போகிறது. திரவ மயக்க மருந்தை வாயுவாக்கி அதில் கலக்கும் பாத்திரத்துக்குப் பொதுவாக மின்சாரம் வேண்டியதில்லை. மூச்சுக் கருவி நின்றால் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம். கண்காணிப்புத் திரைகளில் பெரும்பாலும் பேட்டரி உண்டு. சிலிண்டருக்குப் பதிலாக மின்சாரத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் கருவியைப் பயன்படுத்தும் இடத்தில், மாற்று சிலிண்டரும் இன்வெர்டரும் இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை.

“மயக்கத்தில் இருக்கும்போது அதற்கு வலிக்குமா? உள்ளே யார், எதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்?”

மயங்கிய நாய் வலியை உணர்வதில்லை. ஆனால் உடலின் நரம்புகள் அறுப்பை அறிந்து, இதயத் துடிப்பும் மூச்சும் ஏறும். வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்து, தேவையான இடத்தில் லிக்னோகைன் போன்ற மரப்பு ஊசியும் போட்டால், மயக்க வாயுவைக் குறைவாக வைத்தே வேலையை முடிக்கலாம். வாயு குறையக் குறைய ரத்த அழுத்தம் நன்றாக இருக்கும், விழிக்கும்போது வேதனையும் குறையும். இதனால்தான் வலி மருந்தை வேண்டாம் என்று சொல்லிச் செலவைக் குறைக்க நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை.

அருகில் இருப்பவர் நாயின் தாடை இறுக்கம், கண்ணின் அசைவு, ஈறின் நிறம், நாடி ஆகியவற்றைக் கையாலும் கண்ணாலும் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பார். கருவிகள் ஆக்சிஜன் நிறைவையும், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும், ரத்த அழுத்தத்தையும், வெப்பத்தையும் காட்டும். சராசரி ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போனால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பதால் உடனே சரிசெய்வார்கள். கத்தி பிடித்திருக்கும் மருத்துவரே மயக்கத்தையும் தனியாகக் கவனிப்பது போதாது. இன்னொருவர் அதற்கென்றே இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர்களும் செவிலியர்களும் 1982-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டப்படி தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

“கூட்டிவந்ததிலிருந்து ஊளையிடுகிறது, நடுங்குகிறது, எங்களையே தெரியாதது போல் பார்க்கிறது. ஏதாவது ஆகிவிட்டதா?”

மருந்து முழுதும் இறங்காத நேரத்தில் இந்தக் குழப்பம் பல நாய்களுக்கு வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அரவமில்லாத, வெளிச்சம் மங்கிய அறையில், தரையில் விரித்த போர்வையில் படுக்கவையுங்கள். வெந்நீர்ப் பையை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள், சூடு பட்டாலும் விலகிப் போகத் தெரியாது. படிக்கட்டு, கட்டில், சோபா வேண்டாம். நீச்சல் குளம் உள்ள வீடாக இருந்தால் அந்தப் பக்கம் விடவே கூடாது. தள்ளாடும் நாய் விழுந்தால் ஏறி வரமுடியாது. வீட்டின் மற்ற நாய்களையும் அன்றிரவு தனியே வையுங்கள். குழந்தைகள் முகத்தை அருகே கொண்டுபோக வேண்டாம், பழகிய நாயும் அந்த நிலையில் கடிக்கலாம். நன்றாகத் தெளிந்த பிறகு வழக்கமான உணவில் கால் பங்கு கொடுத்துப் பாருங்கள். குழாய் உரசியதால் ஓரிரு நாள் லேசான இருமல் இருக்கும்.

இரவாகியும் தலையைத் தூக்கவில்லை, ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறது, மூச்சுக்குத் திணறுகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, தையலில் ரத்தம் சொட்டுகிறது என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டால், இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாய் நலமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை செய்து பார்த்து வைத்துக்கொண்டால், அன்று ஒப்பிட எளிது. மறுநாளும் சாப்பிடாவிட்டால் அழையுங்கள்.

“வலியில் முனகுகிறது. அரை பனடோ கொடுக்கட்டுமா?”

கொடுக்காதீர்கள். பனடோவில் இருக்கும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இபுபுரூபென் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். பல வீடுகளில் இருக்கும் கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன் மூன்றும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் கொடியது. மருத்துவமனையில் ஏற்கெனவே கார்ப்ரோபென் அல்லது மெலோக்சிகாம் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஆஸ்பிரினும் சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியலாம். எழுதிக் கொடுத்த மருந்தை உணவோடு, சொன்ன நேரத்தில் கொடுங்கள். அது போதவில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள், வேறு வகை வலி மருந்தைச் சேர்க்க வழி இருக்கிறது.

“எக்ஸ்ரே முடிந்ததும் ஒரு ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் எழுந்து நடந்தது. அந்த ஊசியை எல்லா நாய்க்கும் போட்டு உடனே அனுப்பிவிடலாமே?”

அது அட்டிபமிசோல். மெடிடோமிடின், டெக்ஸ்மெடிடோமிடின் வகை மருந்துகளை மட்டுமே அது முறிக்கும். புரோபோபாலையோ மயக்க வாயுவையோ முறிக்காது. தூக்கத்தை மட்டும் அல்லாமல், அந்த மருந்துகள் தந்த வலி நிவாரணத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். எக்ஸ்ரேவுக்குச் சரி, அறுவை செய்த நாயை வேறு வலி மருந்தில்லாமல் திடீரென்று விழிக்கவைப்பது கொடுமை. எழுந்து நடந்த நாய் சில வேளை மறுபடி சோர்ந்து படுக்கும் என்பதால், அன்றிரவுக்கு மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் உண்டு.

“போனமுறை மயக்கத்தில் இதயத் துடிப்பு மிகவும் குறைந்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். இனி எப்போதுமே மயக்கம் கொடுக்க முடியாதா?”

பெரும்பாலும் முடியும். ஆனால் அன்று எழுதிய மயக்கக் குறிப்பேட்டின் நகல் கையில் இருக்க வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் துடிப்பு குறைவது எதிர்பார்த்ததே, அந்த மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. அது இல்லாமலே குறைந்திருந்தால் இதய ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். எந்த மருந்து, எந்த நிமிடத்தில், எத்தனை துடிப்பு என்று தெரிந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் போங்கள். மிகச் சிக்கலான நாய்களைப் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டர்ஸ்டெபூர்ட் மருத்துவமனையில் உள்ள மயக்கவியல் வல்லுநர்களிடம் அனுப்புவதும் உண்டு.

“சாப்பிட்டதைத் துப்புகிறது, மெலிந்துவிட்டது. உணவுக்குழாயில் புழுக்கட்டி இருக்கலாம், கேமரா விட்டுப் பார்க்க மயக்கம் வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு பலவீனமான நாயை மயக்கலாமா?”

டர்பன் பகுதியில் இந்தக் கேள்வி அபூர்வமல்ல. சாண வண்டுகளின் வழியாக நாய்க்குள் போகும் ஸ்பைரோசெர்கா புழு, உணவுக்குழாயின் சுவரில் கட்டியை உண்டாக்குகிறது. சில கட்டிகள் புற்றுநோயாக மாறுகின்றன. புழுக்கட்டியா, புற்றா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறுவதால், கேமராவால் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது: உணவுக்குழாயில் உணவு தேங்கியிருக்கும் நாய்க்கு வழக்கமான பட்டினி நேரம் போதாமல் போகலாம், மூச்சுக்குழாய்க்குள் உணவு போகும் அபாயம் மற்ற நாய்களைவிட அதிகம்.

முதலில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் ஏற்கெனவே நிமோனியாவோ பரவிய புற்றோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில நாய்களுக்கு அந்தப் படமே போதிய விடை தந்துவிடும். கேமரா பார்த்துத் தெரிந்துகொள்வதால் சிகிச்சை மாறப்போகிறதா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். மாறும் என்றால், தேவையான திரவம் ஏற்றி, பெரிய குழுவும் உறிஞ்சும் கருவியும் இருக்கும் இடத்தில், பகல் வேளையில், முழு மயக்கத்தில் செய்வதே சரி. மாறாது என்றால், மயக்கம் கொடுக்காமல் டோராமெக்டின் மருந்தைத் தொடங்கிப் பார்ப்பதும் ஒரு வழி. கோலி இனத்துக்கு அந்த மருந்தே நஞ்சாகக் கூடும் என்பதால், மரபணுவைப் பற்றி மேலே சொன்னதை அப்போதும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.